அண்டை வீட்டாரின் உரிமையும் அரசியல் மனமும்

புதுப்பட்டினத்தைச் சுற்றி ஒரு மாலைப்பொழுதில் நடந்து வருபவர் பல உலகங்களைக் கடந்துவிடுவார். கடலோரத்தில் மீனவர் குப்பம். சாலையை ஒட்டிக் கடைவீதி. பள்ளிவாசலைச் சூழ்ந்த முஸ்லிம்களின் தெருக்கள். கல்பாக்கம் என்ற பெயரால் உலகறிந்த அணுசக்தித் துறையின் நகரியம். சற்றுத் தள்ளி, காலனி என்று அழைக்கப்பட்டுவந்த ஆதிதிராவிடர் குடியிருப்பு. காலனி என்னும் அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. பேச்சிலிருந்து அது நீங்க இன்னும் காலம் பிடிக்கும்.

இவ்வளவு நெருக்கத்தில் இத்தனை வகை மக்கள் வாழ்வது அவர்களுடைய மனங்களை எவ்வாறு உருவாக்குகிறது? பலதரப்பட்டோர் கலந்து வாழும் தெருவில் பிறர்மீதான வெறுப்பு தேய்கிறதா, வளர்கிறதா? வாக்குச் சாவடிக்குள் நுழையும்போது அண்டை வீட்டாரின் முகம் நினைவுக்கு வருகிறதா? சமூகவியலார் முக்கால் நூற்றாண்டாக ஆராய்ந்துவரும் இக்கேள்வி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்க்கத் தீர்ப்பின் வடிவில் என் வாசலுக்கு வந்தது.

செங்கல்பட்டு வட்டாரத்து மஹல்லா ஒன்றிலிருந்து (ஊர்ப்பெயர் வேண்டாம்) மூவர் வந்திருந்தனர். அவர்களுடைய தெருவில் ஒரு முஸ்லிம் தம் வீட்டை விற்க முனைகிறார். வாங்க வந்திருப்பவர் முஸ்லிமல்லாதவர், அரசுப் பணியாளர், பேசிய விலையை ஒரே தவணையில் தர ஆயத்தமாக இருப்பவர். "ஹஜ்ரத், ஷுஃப்ஆ சட்டப்படி இதைத் தடுக்க வழியுண்டா?" என்பதே கேள்வி. எழுந்து புறப்படும் நேரத்தில் அவர்களுள் ஒருவர் தயங்கித் தயங்கி மற்றொன்றையும் சொன்னார்: "அவர் காலனிக்காரருங்க." நான் அன்று கூறிய பதிலைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அப்பதில் முழுமையானதன்று என்ற உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

நெருக்கம் வெறுப்பைத் தணிக்குமா?

இத்துறையின் மூலநூல் என்று கருதத்தக்கது, அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட, முற்சாய்வின் இயல்பை ஆராயும் நூலாகும். பழக்கம் பகையை நீக்கும் என்ற பொதுவான கருத்துக்கு அவர் வரம்பு கட்டினார். பழகுவோர் இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான நோக்கம் வேண்டும். அதனை அடைய அவர்கள் கூடி உழைக்க வேண்டும். சட்டமோ வழக்கமோ அப்பழக்கத்துக்குத் துணைநிற்க வேண்டும். இந்நான்கும் இல்லாத பழக்கம் முற்சாய்வைக் குறைக்காது. சில வேளைகளில் கூட்டவும் செய்யும் என்றார்.

இக்கருத்துக்கு அவருக்குக் கிடைத்த சான்றுகளுள் ஒன்று வீடுகளைப் பற்றியது. டாய்ச்சும் காலின்ஸும் 1951இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க்கில் இனம் பாராமல் வீடு ஒதுக்கிய அரசுக் குடியிருப்புகளையும், நியூவார்க்கில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் கட்டடங்களைப் பிரித்துக் கொடுத்த குடியிருப்புகளையும் ஒப்பிட்டது. முன்னதில் வாழ்ந்த வெள்ளை இனப் பெண்கள் கறுப்பின அண்டை வீட்டாரை மதிப்போடு பேசினர்; பின்னதில் பழைய வெறுப்பே நீடித்தது. அங்கே யாருக்கு அருகில் குடியிருப்பது என்பதைக் குடியேறுபவர் முடிவு செய்யவில்லை. அலுவலகம் முடிவு செய்தது என்பது கவனிக்கத்தக்கது.

நம் ஊரின் நகரியமும் ஏறத்தாழ இத்தகையதே. அரசுக் குடியிருப்புகளில் சம்பளப் படிநிலையும் பணிமூப்பும் பார்த்து வீடு தருகிறார்கள். சாதியும் மதமும் அங்கே விண்ணப்பப் படிவத்தின் கேள்விகளல்ல. ஒரே சுவரின் இருபுறமும் வெவ்வேறு மாநிலத்தவர், வெவ்வேறு மதத்தவர் வாழ்கின்றனர். அங்கே வளர்ந்த மாணவர்கள் சிலரை நான் அறிவேன். அண்டை வீட்டுக்காரர் என்ன சாதி என்று கேட்டால் அவர்கள் சிறிது யோசித்த பின்னரே விடை கூறுவர். ஆயினும் அந்நகரியத்திலும் ஒரு பிரிவினை உண்டு. உயர் அலுவலரின் வீடும் கடைநிலை ஊழியரின் வீடும் ஒரே வரிசையில் அமைவதில்லை. அங்கே நிலவும் சமத்துவம் ஒரு படிநிலைக்கு உள்ளே நிலவும் சமத்துவம்.

நெருக்கம் வெறுப்பை வளர்க்குமா?

இதற்கு நேர் எதிரான சான்றும் உண்டு. அரசியலறிஞர் வி. ஓ. கீ 1949இல் அமெரிக்கத் தென்மாநிலங்களின் அரசியலை ஆராய்ந்தபோது, கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களிலேயே வெள்ளையர் இன மேலாதிக்க அரசியலை மிகக் கடுமையாக ஆதரித்தனர் என்று கண்டார். அருகில் வாழ்ந்தோரே அதிகம் அஞ்சினர். அம்மாவட்டங்களில் நிலமும் உழைப்பும் அதிகாரமும் ஒருவர் கையில் இருந்தன. மற்றவர் வாக்குரிமை பெற்றால் அவற்றை இழக்க நேரிடும். அந்த அச்சத்தின் வேர் தோட்டங்களின் பொருளாதாரத்தில் இருந்தது.

ராபர்ட் புட்னம் 2007இல் வெளியிட்ட கட்டுரை இவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது. அமெரிக்காவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் 2000ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வின்படி, பல இனத்தார் கலந்து வாழும் பகுதிகளில் மக்கள் பிற இனத்தாரை மட்டுமல்லாமல் தம் இனத்தாரையும் குறைவாகவே நம்புகின்றனர். ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவது போல ஒடுங்கிக்கொள்கின்றனர் என்றார் அவர். காலப்போக்கில் இந்நிலை மாறும், புதிய பொது அடையாளங்கள் உருவாகும் என்றும் அவரே எழுதினார். குடியேற்ற எதிர்ப்பாளர்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். மரியா அபாஸ்கலும் டெலியா பல்டசாரியும் 2015இல் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, நம்பிக்கைக் குறைவுக்குப் பன்மையைவிட வறுமையும் பொருளாதார நலிவுமே பெரிதும் காரணம் எனக் காட்டினர். ஏழைகளும் சிறுபான்மையினரும் எங்கு வாழ்ந்தாலும் பிறரை நம்பத் தயங்குகின்றனர். அவர்கள் மிகுதியாக வாழும் இடங்களே பன்மை மிக்க இடங்களாகவும் இருக்கின்றன.

இவ்வறிஞர்கள் தமிழக ஊரமைப்பை அறிந்திருந்தால் விவாதம் விரைவில் தெளிந்திருக்கும் எனத் தோன்றுகிறது. ஊரும் சேரியும் பல நூற்றாண்டுகளாக அண்டை அயலில் வாழ்ந்தவை. ஒரே வயலில் இறங்கியவர்கள், ஒரே அறுவடையில் நின்றவர்கள், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் பறை முழக்கியவர்கள். இதைவிட நெருக்கமான அன்றாடப் பழக்கத்தை எங்கும் காண இயலாது. ஆயினும் 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. 1997இல் மேலவளவில், தனித்தொகுதி ஊராட்சியின் தலைவராகத் தேர்வான தலித் ஒருவர், உடன் சென்றவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றோரும் கொல்லப்பட்டோரும் ஒருவரையொருவர் அறியாதவர்களல்லர். ஒருவர் எப்போதும் நின்றும் மற்றவர் எப்போதும் அமர்ந்தும் பழகிய பழக்கம் அது. நின்றவர் அமர முற்பட்டபோது, அந்தப் பழக்கமே பகைக்கு வழிவகுத்தது. ஆல்போர்ட்டின் முதல் நிபந்தனையான சமநிலையை ஏட்டில் படிப்பதற்கு முன்பே நம் மண் அதன் இன்மையை இரத்தத்தால் எழுதிவிட்டது.

சங்கங்களும் சாவடிகளும்

இந்தியச் சூழலில் இக்கேள்வியை எடுத்தாண்டோருள் முதன்மையானவர் அஷுதோஷ் வார்ஷ்ணே. அவருடைய நூல் 2002இல் வெளிவந்தது. அலிகரையும் கோழிக்கோட்டையும், ஹைதராபாத்தையும் லக்னோவையும், அகமதாபாத்தையும் சூரத்தையும் இணை இணையாக ஒப்பிட்டார். அண்டை வீட்டாரோடு உண்பதும் பெருநாள் பலகாரம் பகிர்வதும் சிற்றூரில் அமைதிக்குப் போதுமானவையாக இருக்கலாம். பெருநகரத்தில் வதந்தி பரவும் இரவில் அவை தாங்கா. வணிகர் சங்கம், தொழிற்சங்கம், கட்சி, வாசகசாலை ஆகியவற்றில் இரு சமயத்தாரும் உறுப்பினராக இருந்தால், கலவரத்தைத் தடுப்பதில் அவர்களுக்குப் பொதுவான நலன் ஏற்படுகிறது என்பது அவருடைய முடிவு. கோழிக்கோட்டில் அது இருந்தது, அலிகரில் இல்லை. அகமதாபாத்தில் காந்தியடிகள் காலத்துத் தொழிற்சங்கம் நலிந்தபோது நகரத்தின் தற்காப்பும் நலிந்தது.

கோயம்புத்தூர் நமக்கு மிக அருகில் உள்ள சான்று. 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14இல் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. அதைத் தொடர்ந்து நடந்த நாடாளுமன்றத் தேர்தலிலும் 1999 தேர்தலிலும் அத்தொகுதியில் பாரதிய ஜனதா வென்றது. 2004இலும் 2009இலும் அதே தொகுதியில் இடதுசாரிக் கட்சிகள் வென்றன. ஐந்தாறு ஆண்டுகளில் அந்நகரத்தின் தெருக்கள் இடம் மாறிவிடவில்லை. அண்டை வீடு அரசியல் மனத்துக்கு மூலப்பொருளைத் தரலாம். அதற்கு வடிவம் கொடுப்பவை கட்சிகளும் கூட்டணிகளும் சங்கங்களும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எனினும் வார்ஷ்ணேயின் கொள்கையையும் அப்படியே ஏற்பதற்கில்லை. 2013இல் முசாபர்நகர் மாவட்டச் சிற்றூர்களில் வன்முறை மூண்டது. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரவர் ஊரைவிட்டு வெளியேறினர். அங்கே ஜாட் இந்துக்களும் முஸ்லிம்களும் அண்டை அயலில் வாழ்ந்தனர். ஒரே விவசாயிகள் சங்கத்தில் தோளோடு தோள் நின்று போராடியவர்கள். சிற்றூரின் அன்றாட உறவும் காக்கவில்லை, சங்கமும் காக்கவில்லை. அங்கே காணாமற்போனது ஆல்போர்ட்டின் நான்காவது நிபந்தனை: அன்பு தளரும் நாளிலும் தளராது நிற்கும் சட்டத்தின் துணை.

இப்னு கல்தூனும் ஃபிக்ஹு நூல்களும்

இங்கே நம் மரபு வாய் திறக்க வேண்டும். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், குலப்பற்றாகிய அஸபிய்யாவை விளக்குமிடத்தில், வம்சாவளி என்பது கற்பிதமான ஒன்று. அதனால் விளையும் பிணைப்பும் பரஸ்பர உதவியுமே அதன் பயன் என்கிறார். நீண்டகாலத் தோழமையும் ஒன்றாக வளர்தலும் ஒப்பந்த உறவும் குருதி உறவின் அதே பிணைப்பை உண்டாக்கும் என்பதும் அவர் கருத்து. புட்னம் எதிர்காலத்தில் வைத்த நம்பிக்கைக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. மனிதர்களின் குழு எல்லைகள் பிறப்பால் இறுகிப்போனவை அல்ல. யாரோடு சேர்ந்து எதைத் தாங்குகிறோம் என்பதைப் பொறுத்து அவை மாறும்.

சட்டத்தின் துணையைப் பற்றி நம் நூல்கள் இதைவிடத் திட்டமாகப் பேசுகின்றன. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து 36ஆம் வசனம், உறவினரான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது. அண்டை வீட்டாரை வாரிசாக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தியதாக நபிகள் நாயகம் (ஸல்) கூறியதை ஸஹீஹான நூல்கள் பதிவு செய்துள்ளன. அந்நபிமொழியை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி), தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்ட நாளில், யூதரான அண்டை வீட்டாருக்கு அனுப்பப்பட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வாரிசு என்ற சொல் நோக்கத்தக்கது. வாரிசுக்கு நாம் தருவது தர்மமன்று; அது அவருடைய பங்கு.

ஷுஃப்ஆ இவ்வுரிமையின் சட்ட வடிவங்களுள் ஒன்று. ஒருவர் தம் சொத்தை விற்கும்போது, கூட்டுப் பங்காளிக்கு அதனை முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபு இத்துடன் நிறுத்திக்கொள்கிறது. ஹனஃபி மத்ஹபு அவ்வுரிமையை ஒட்டிய வீட்டாருக்கும் நீட்டுகிறது. மர்கீனானியின் ஹிதாயா, இவ்வுரிமையில் முஸ்லிமும் திம்மியும் சமம் என்று விதிக்கிறது. ஒரு முஸ்லிம் வாங்க வரும் வீட்டை, அடுத்த வீட்டுக்காரரான முஸ்லிமல்லாதவர் ஷுஃப்ஆ கோரித் தாமே பெறலாம். வாங்குபவர் தரும் அதே விலையைத் தர வேண்டும். விற்பனையை அறிந்தவுடனே கோர வேண்டும். தீய அண்டையால் வரும் இன்னலைத் தவிர்ப்பதே இதன் நோக்கம் என்று ஹிதாயா கூறுகிறது. உண்மை. ஆனால் உரிமை கோருபவர் எம்மதத்தவராயினும் அவருக்கு இன்னல் நேரலாம் என்று ஏற்ற சட்டம், இன்னலை மதத்தோடு இணைக்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நம் நாட்டில் இச்சட்டத்தின் வரலாறும் படிப்பினை தருவது. ஷுஃப்ஆவை இம்மாநிலத்தில் செயற்படுத்த இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1870இலேயே மறுத்துவிட்டது. அண்டை வீட்டுரிமையின் அடிப்படையில் விற்பனையைத் தடுக்கும் சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாதவையாக்கியது. ஒரு பகுதிக்குள் அந்நியரை வரவிடாமல் தடுப்பது பொதுநலமாகாது என்ற கருத்து அத்தீர்ப்பில் உண்டு. அதே உச்ச நீதிமன்றம் 2005இல், பார்ஸி சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கமொன்றின் விதியை ஏற்றது. தெருவை மூடும் உரிமையைச் சட்டம் ஒரு கையால் நீக்கி மறு கையால் தருகிறது.

நம் எழுத்தின் குறை

மீலாது மலர்களிலும் நல்லிணக்கச் சிறப்பிதழ்களிலும் இப்பொருள் குறித்து நாம் எழுதிவரும் கட்டுரைகளைப் பற்றி இனி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றுள் சில நான் எழுதியவை. பெருநாள் பிரியாணி பகிர்தல், தர்கா கந்தூரிக்கு வரும் இந்துச் சகோதரர்கள், மாமன் மச்சான் என்று அழைத்துக்கொள்ளும் பாசம் ஆகியவை அக்கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். அவை பொய்யல்ல. ஆனால் அவை அன்பை மட்டுமே பேசுகின்றன, உரிமையைப் பேசுவதில்லை. மாமன் என்றழைக்கும் நண்பர், நம் மகனுக்கு வீடு வாடகைக்குத் தர மறுக்கப்படும்போது வருந்துகிறார், வருத்தத்தோடு நின்றுவிடுகிறார்.

மேலும், அக்கட்டுரைகளில் அண்டை வீட்டார் எப்போதும் சாதி இந்துவாகவே இருக்கிறார். காலனி அவற்றில் வருவதில்லை. நம் தெருவுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வும் வருவதில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலானபோது, ஒரே மார்க்கத்தார் வாழும் ஊரிலும் முதலாளியின் வீடு எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைக் காட்டியது. நம்மவர் மட்டுமே வாழும் தெரு தானாகவே நீதியான தெருவாகிவிடாது என்பதை நமக்குள்ளிருந்தே சொன்ன நாவல் அது.

தனித்தெரு பாதுகாப்பல்லவா என்பார்கள். அச்சத்தால் ஒதுங்குவோரைக் குறை கூறுவது எளிது. 2002க்குப் பிறகு அகமதாபாத்தின் ஜுஹாபுராவில் வந்து சேர்ந்தவர்களுக்கு வேறு புகலிடம் எது? ஆனால் ஒதுங்கலுக்கு விலையுண்டு. 2006இல் அறிக்கை அளித்த சச்சார் குழு, முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் குடிநீர், பள்ளி, வங்கி முதலிய வசதிகள் குன்றியிருப்பதைச் சுட்டியது. அண்மைக் கால ஆய்வொன்று, நகர்ப்புற முஸ்லிம்களில் நான்கில் ஒருவர் தம் சமூகத்தார் எண்பது விழுக்காட்டுக்கு மேல் வாழும் பகுதிகளில் இருக்கிறார் என்கிறது. அத்தகைய பகுதிகளை அரசின் பொதுச் சேவைகள் குறைவாகவே எட்டுகின்றன என்றும் கூறுகிறது. தலித் பகுதிகளின் நிலையும் அதுவே. ஒதுக்கப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் ஒதுக்கிக்கொள்வதில் யாருக்கு இலாபம்?

அரசு ஆணையால் கலந்து குடியமர்த்திய முயற்சிகளும் உண்டு. 1964இல் மீலாது ஊர்வலத்தின்போது இனக்கலவரம் கண்ட சிங்கப்பூர், 1989 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்சவரம்பு விதித்துள்ளது. நம் தமிழ் முஸ்லிம்கள் பலர் அங்கே இந்தியர் என்ற வகைக்குள் எண்ணப்படுகின்றனர். சீனரும் மலாய்க்காரரும் ஒரே மின்தூக்கியில் ஏறுகின்றனர். ஆனால் வீட்டை விற்க முனையும் சிறுபான்மையினருக்கு வாங்குவோர் வட்டம் சுருங்கி விலை குறைகிறது. தமிழகத்தில் தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பின் 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம், 1998இல் மதுரைக்கருகே மேலக்கோட்டையில் முதலில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. அதன் குறை, அது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டப்பட்டதுதான். பழைய ஊர் பழையபடியே இருந்தது. குஜராத்தின் 1991ஆம் ஆண்டுச் சட்டமோ, அச்சுறுத்தி வீடு வாங்குவதைத் தடுக்கவே மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. நாளடைவில் அதுவே ஒரு முஸ்லிம் இந்துத் தெருவில் வீடு வாங்க இயலாமைக்குக் கருவியாகிவிட்டது. காப்பதற்கு எழுப்பிய சுவர் எப்போது சிறைச்சுவராகும் என்பதை அச்சுவரை எழுப்பியவரால் முடிவு செய்ய இயலாது.

இப்போது அம்மூவருக்கும் நான் கூறிய பதிலுக்கு வருகிறேன். "ஷுஃப்ஆ கோருவதானால் ஒட்டிய வீட்டுக்காரர் அதே விலையைத் தர வேண்டும், ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கும் இடமில்லை, நாட்டின் சட்டமும் இடந்தராது. விற்பவர் விரும்பியவருக்கு விற்கலாம்" என்றேன். அதே விலை தர அவர்களுள் எவரும் முன்வரவில்லை. அவர்கள் ஸலாம் கூறிச் சென்றார்கள். சில மாதங்கள் கழித்து, அவ்வீடு உறவினர் ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கைமாறியதாகக் கேள்விப்பட்டேன். விற்றவருக்கு நட்டம், வாங்க வந்தவருக்கு அவமானம். தெருவோ முன்பு போலவே அமைதியாக இருந்தது.

நான் விற்பனையின் சட்டத்தைச் சொன்னேன். அண்டை வீட்டாரின் உரிமையைச் சொல்லவில்லை. வாசலில் உதிர்ந்த அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் பதிலே கூறவில்லை. பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரை அண்டை வீட்டாராக ஏற்க மறுப்பதற்கு நம் மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்று அப்போதே கூறியிருக்க வேண்டும். நகரத்தில் நம் பிள்ளைக்கு வீடு மறுக்கும் வீட்டுக்காரருக்கும் நமக்கும் அந்த வாசலில் வேறுபாடு இல்லாமற்போயிற்று என்பதையும் சேர்த்துக் கூறியிருக்க வேண்டும்.

நாற்புறமும் நாற்பது வீடுகள் வரை அண்டை வீட்டாரே என்று ஹஸன் அல்பஸரீ (ரஹ்) கூறியதாக இமாம் புகாரி தம் அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்துள்ளார். புதுப்பட்டினத்தில் என் வீட்டிலிருந்து நாற்புறமும் எண்ணிப் பார்த்தேன். நாற்பதாவது வீட்டை அடைவதற்கு முன்பே நம் தெரு முடிந்துவிடுகிறது.